இருபது வருட டிரைவருக்கும் பயிற்சி வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கம்பத்தில் மூன்று ஜீப் வைத்திருக்கிறோம். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் போய், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவோம். கணவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து தொழிலை நான்தான் பார்க்கிறேன். போன மாதம் மழையில் இறங்கும்போது ஒரு வண்டி வளைவில் நிற்காமல் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. சாமி புண்ணியம், யாருக்கும் அடி இல்லை. அதன்பின் 'தற்காப்பு ஓட்டுதல்' பயிற்சி தருவதாக ஒரு நிறுவனத்தார் வந்து பேசினார்கள். கட்டணம் அதிகமாகத் தெரிகிறது. டிரைவர் அண்ணன்களோ, "இருவது வருசமா இந்த மலையிலதான ஓட்டுறோம், எங்களுக்கே பாடமா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அனுப்பலாமா, வீண் செலவா? இன்னொன்று, என் மகள் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். தேனியில் வேலை, காரில் போய்வர ஆசைப்படுகிறாள். அவளையும் இதே வகுப்பில் சேர்க்கலாமா?
— ஒரு வாசகி, கம்பம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அனுப்புங்கள். ஆனால் டிரைவர்களை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருந்துவிட வேண்டாம். முதலாளியும் வகுப்பில் உட்கார வேண்டும். அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் டிரைவர்களின் கோபம். அதில் பாதி நியாயம். எந்த வளைவில் தண்ணீர் ஓடும், எங்கே மண் சரிந்து கிடக்கும், எந்த இடத்தில் எதிரே வரும் பஸ் ரோட்டை முழுசாக எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வெளியூரிலிருந்து வரும் பயிற்சியாளருக்கு இந்த மலை அவ்வளவு தெரியாது. ஆனால் வண்டியை வளைத்து ஒடித்து ஓட்டும் திறமை வேறு, தற்காப்பு ஓட்டுதல் வேறு. மற்றவர் செய்யப்போகும் தவறை அவர் செய்வதற்கு முன்பே எதிர்பார்த்து, அதற்கு இடமும் நேரமும் விட்டு வைப்பதுதான் தற்காப்பு ஓட்டுதல். அனுபவம் இதைத் தானாகக் கற்றுத் தந்துவிடாது. நெருக்கி ஓவர்டேக் செய்து நூறு தடவை தப்பித்தவர் அதை அதிர்ஷ்டம் என்று எண்ணுவதில்லை, தன் திறமை என்றே எண்ணிக்கொள்கிறார். இருபது வருடத்தில் நல்ல பழக்கம் எவ்வளவு ஊறுமோ அவ்வளவு கெட்ட பழக்கமும் ஊறும்.

போன மாதம் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அந்த டிரைவரைத் திட்டாமல், தனியாக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, அப்ப எந்த கியர்ல இருந்தீங்க?" பதில் "மூணாவது" என்றோ "நியூட்ரல்" என்றோ வந்தால் விஷயம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள ஜீப், மலையில் 500 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் சுமார் 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சின்ன கியரில் எஞ்சின் வேகத்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் அத்தனை சூடும் நாலு சக்கரத்துப் பிரேக்கில்தான் போய் இறங்கும். சூடேற ஏற, பிரேக்கில் உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. மாற்றாமல் வருடக்கணக்கில் விட்ட ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடும், மிதித்தால் பெடல் தரைவரை போகும். சூடான பிரேக்கோடு ஈர ரோட்டின் வழுக்கலும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட கைக்காரராலும் வண்டியை நிறுத்த முடியாது.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் பயிற்சியில் சொல்லித் தருவது அதுதான். பிரேக்கில் காலை வைத்தபடியே உரசிக்கொண்டு வரக் கூடாது. தேவைப்படும்போது அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும், பிரேக் ஆற இடைவெளி கிடைக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது இறக்கத்தில் செய்யவே கூடாத காரியம். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினுக்குப் போகும் டீசல் அநேகமாக நின்றே போகும், ஆகவே மிச்சம் என்ற கணக்கும் தப்பு. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அணைத்தபின் இரண்டு மூன்று தடவை மிதித்தாலே, மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கல்லாகிவிடும். உங்கள் வண்டிகளில் இதை யார் செய்தாலும் மன்னிக்காதீர்கள்.

மலையில் இன்னொரு விதி உண்டு. இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்க இடமில்லாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-ல் வந்த சாலை விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2017-ல் வந்த ஒழுங்குமுறையிலும் இது உண்டு. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கடினம், பின்னால் உருளும் அபாயமும் இருக்கிறது என்பதால் வந்த ஏற்பாடு. நம் பக்கத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமாக இறங்கி வருகிறவர் லைட்டை அடித்துக்காட்டி ஏறுகிறவரை ஒதுங்கச் சொல்கிறார்.

ஐயப்ப சீசனில் நிலைமை இன்னும் கடுமை. 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிக்காரர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்ததை நம் மாவட்டம் மறந்திருக்காது. கார்த்திகை, மார்கழியில் மலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடும்போது, இரவெல்லாம் கண் விழித்து ஓட்டிய வெளிமாநில டிரைவர்கள் உங்கள் ஜீப்புகளுக்கு முன்னும் பின்னும் இருப்பார்கள். எதிரே வருகிறவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம், கொண்டை ஊசி வளைவில் நம் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று முன்கூட்டியே எண்ணி, வளைவுக்கு முன்பே வேகம் தணித்து, ஹாரன் அடித்து, இடது ஓரத்தை விடாமல் திரும்ப வேண்டும்.

பயிற்சியில் நான் மிகவும் மதிக்கிற ஒரு பகுதி, பேசிக்கொண்டே ஓட்டுவது. கண்ணில் படுவதையும் அடுத்து என்ன நடக்கலாம் என்பதையும் டிரைவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "முன்னாடி ஆட்டோ, ஆள் கை காட்டுறாரு, சட்டுனு நிப்பாட்டுவான்... வலப்பக்கம் எஸ்டேட் கேட், உள்ளேருந்து வண்டி வரலாம்... ரோட்டுல புது மண்ணு கிடக்கு, மேல சரிஞ்சிருக்கும்." லண்டன் போலீசாருக்காக ஹெண்டனில் 1930-களில் தொடங்கிய ஓட்டுநர் பள்ளியின் வழியில் வந்த முறை இது. முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். பிறகு பாருங்கள், இத்தனை நாள் எதையெல்லாம் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று அவர்களே சொல்வார்கள். பயிற்சியாளர் வாய் திறக்கவே தேவையிருக்காது.

எந்தப் பயிற்சி என்பதில் கவனமாக இருங்கள். ஈரத் தரையில் வண்டியை வழுக்கவிட்டு மீட்கும் சாகசத்தைக் காட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், பணம் கொடுத்த திருப்தியும் வரும். ஆனால் நார்வே நாட்டில் 1979-ல் வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பின் ஆராய்ந்து பார்த்ததில், இளம் ஆண்கள் வழுக்கும் சாலையில் விபத்துக்குள்ளாவது குறையவில்லை, கூடியிருந்தது. வழுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற தெம்பு வேகத்தைக் கூட்டிவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வழுக்கிய பிறகு மீள்வதைவிட, வழுக்கும் நிலைக்கே போகாதிருக்கக் கற்றுத் தருகிற வகுப்புதான் உங்களுக்கு வேண்டும்.

வந்த நிறுவனத்தாரிடம் கேளுங்கள்: எங்கள் ஜீப்பிலேயே, கம்பம்மெட்டு ரோட்டிலேயே, வழக்கமான எடையோடு பக்கத்தில் உட்கார்ந்து வருவீர்களா? ஏறவும் இறங்கவும் இரண்டையும் பார்ப்பீர்களா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத்தில் குறை நிறை தருவீர்களா? சில மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்பீர்களா? மண்டபத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டுச் சான்றிதழ் நீட்டுவதோடு சரி என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் மூன்று வண்டிக்கும் லைனிங்கும் பிரேக் ஆயிலும் மாற்றுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடங்களிலும் விசாரிக்கலாம். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே கனரக வண்டிகளுக்குத்தான் முக்கியத்துவம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் எடப்பாளில் அரசு சார்ந்த ஓட்டுநர் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் உண்டு. தூரம்தான், ஆனாலும் கேரள ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அங்குள்ள பயிற்சி பொருந்தும்.

இப்போது முதலாளி விஷயம். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை ட்ரிப் அடிக்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், டயர் எப்போது மாறுகிறது என்ற முடிவுகளெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் எடுக்கப்படுகின்றன. முதல் ட்ரிப்பை இறக்கிவிட்டு ஓடிவந்து இரண்டாவது ட்ரிப் எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, முன்னால் போகும் வண்டிக்கு மூன்று விநாடி இடைவெளி விட்டு ஓட்டு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? டிரைவர் உங்கள் கணக்கைத்தான் கேட்பார். தலைக் கணக்கில் பணம் வரும்போது நாலு பேரை அதிகம் அடைக்கத் தோன்றும். ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதைவிட முக்கியம், கூடுதலாக ஏறிய ஒவ்வொரு ஆளும் அந்த இறக்கத்தில் பிரேக்குக்குக் கூடுதல் சூடு.

டிரைவருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் ஓட்டாமல் நடுவில் அரை மணி ஓய்வு என்பது 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் எழுதிய கணக்கு. அந்தச் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்காக வந்தது என்றாலும், தூக்கம் பெரிய முதலாளி சின்ன முதலாளி பார்த்து வருவதில்லை. நாலு மணிக்கு எழுந்து வண்டி எடுக்கிறவர் முந்தின இரவு கல்யாண வாடகைக்குப் போயிருந்தால், மறுநாள் அவருக்கு மலை கிடையாது என்று நீங்கள் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது "எங்க இருக்கீங்க?" என்று போன் போடுவதையும் நிறுத்துங்கள். கையில் போனோடு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவின்படி குற்றம். உங்கள் போனை எடுக்காமல் இருக்க எந்த டிரைவருக்கும் மனசு வராது.

செலவு பற்றிக் கேட்டீர்கள். கட்டணம் முழுவதும் நீங்கள் கட்டுங்கள், அன்றைய பேட்டாவையும் கொடுங்கள். சம்பளத்தில் பிடித்தால் அது தண்டனையாகிவிடும். உரசிய வண்டியின் டிரைவரை மட்டும் தனியாக அனுப்பவும் கூடாது. எல்லோரும் போகட்டும், மூத்தவர் முதலில் போகட்டும்.

மகளுக்கு இதே வகுப்பு வேண்டாம். பழகியவர்களின் கெட்ட பழக்கத்தைத் திருத்தும் வகுப்பு அது. அவளிடம் இன்னும் பழக்கமே உருவாகவில்லை. அவளுக்கு வேண்டியது, பக்கத்தில் நிதானமான ஒருவர் உட்கார்ந்திருக்க ஓட்டிப் பழகும் நேரம். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகப் போகும் தேனி ரோடு சமவெளிதான், ஆனால் பின்லைட் இல்லாத டிராக்டர், சந்திலிருந்து திடீரென்று வரும் பைக், இருட்டில் ஓரமாக நிற்கும் லாரி எல்லாம் உண்டு. ஒரு கணக்கை அவளுக்குச் சொல்லுங்கள். காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஆபத்தைப் பார்த்து மிதித்து முழுதாக நிற்க ஏறத்தாழ 37 மீட்டர் ஆகும். 80-ல் போனால் 58 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, தூரமோ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. மழையில் இன்னும் நீளும். முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ கடந்தபின், அதே இடத்துக்கு நாம் வர மூன்று விநாடியாவது ஆக வேண்டும், மழையில் ஆறு. காரில் ஏபிஎஸ் (அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இருந்தால், காலியான மைதானம் ஒன்றில் ஒருமுறை முழு பலத்தோடு பிரேக்கை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெடல் காலடியில் படபடவென்று அதிரும். அது கோளாறு என்று பயந்து காலை எடுக்கிறவர்கள் நிறைய. எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒதுங்கலாம், ஏபிஎஸ் இருப்பதே அதற்காகத்தான்.

முதல் சில வாரம் பகலில் மட்டும் ஓட்டட்டும், பயிற்சி முடித்து வந்த டிரைவர்களில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கை பழகியபின் ஒரு மழை நாளில் அவரோடு போய்வரட்டும், இரவு அதற்குப் பிறகு. தனியாகக் கிளம்பும் நாளில், ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் அவளே கூப்பிடுவாள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நீங்கள் கூப்பிட வேண்டாம்.