பேசும் படம் வந்ததால்தான் ஹாலிவுட்டின் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் வீழ்ந்தாரா?

இல்லை. குரல் எடுபடாமல் ஒதுங்கிய ஊமைப்பட நடிகர்கள் உண்டு, ஆனால் கீட்டன் அந்தக் கணக்கில் வரமாட்டார். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு மேடையேறியவர் அவர். கரகரப்பான குரல், நகைச்சுவைக்கு நன்றாகவே பொருந்தும். 'ஸ்பைட் மேரேஜ்' (1929) படத்தைப் பேசும் படமாக எடுக்கலாம் என்று கேட்டதே அவர்தான்; அப்போது அவர் வேலை செய்த பெரிய ஸ்டுடியோவான எம்ஜிஎம் மறுத்துவிட்டது. பிறகு வந்த அவருடைய பேசும் படங்கள் நல்ல வசூலும் பார்த்தன.

பறிபோனது அவர் வேலை செய்த முறை. 1920 முதல் 1928 வரை அவருக்கென்று தனி ஸ்டுடியோ, கூடவே இருந்த குழு. முழு ஸ்கிரிப்ட் எழுதுகிற வழக்கமே இல்லை. தொடக்கமும் முடிவும் கிடைத்துவிட்டால் நடுப்பகுதி தானாக வந்து சேரும் என்பார்கள். யோசனை ஓடாவிட்டால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு பேஸ்பால் ஆடப் போவார்கள்.

ஆனால் ஸ்கிரிப்ட் இல்லையே தவிர, அளவெடுப்பதில் அவ்வளவு கறார். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் புயலில் ஒரு வீட்டின் முகப்பு முழுசாகப் பெயர்ந்து அவர் மேல் சாயும். மாடி ஜன்னலின் திறப்பு மட்டும் அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கும். தலைக்கும் தோளுக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. கால் வைக்க வேண்டிய இடத்துக்குத் தரையில் ஆணி அடித்து அடையாளம். முகப்பின் எடை சுமார் இரண்டு டன். லேசான பலகையில் செய்திருக்கலாமே என்று தோன்றும். புயலுக்காக விமான எஞ்சின்கள் காற்றடித்துக்கொண்டிருந்தன. லேசாக இருந்தால் விழும்போதே முறுக்கிக்கொள்ளும், ஜன்னல் இடம் மாறிவிடும். அதனால் கனமாகத்தான் செய்தாக வேண்டும்.

'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் அவர் நிற்க நிற்கப் பின்னணி மாறுகிற காட்சிக்கு, ஒவ்வொரு இடத்திலும் கேமராவிலிருந்து அவர் நிற்கும் தூரத்தை நில அளவைக் கருவி வைத்து அளந்தார்கள். படங்களில் அவருக்கு அடையாளமாக இருந்த தட்டைத் தொப்பியும் அவர் கையால் செய்ததுதான். நல்ல ஃபெல்ட் தொப்பியை வெட்டிக் குறைத்து, ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் குவித்துப் போட்டுக் கரைத்து, விளிம்பில் தடவி, சமதளத்தில் விறைப்பாகக் காயவிடுவார்.

சக ஊமைப்பட நகைச்சுவை நடிகர்களான சாப்ளினும் ஹரால்டு லாயிடும் வேண்டாம் என்று சொல்லியும் 1928இல் எம்ஜிஎம்மில் சேர்ந்தார். அங்கே எழுதி ஒப்புதல் வாங்கிய ஸ்கிரிப்ட், மேற்பார்வைக்குத் தயாரிப்பாளர், ஆபத்தான காட்சிக்கு மாற்று ஆள். சொந்தக் குழு கலைந்தது. உடம்பால் சிரிக்க வைத்தவரை வசனத்தால் சிரிக்க வைக்கச் சொன்னார்கள். குடியும் சேர்ந்துகொள்ள, 1933இல் வெளியே அனுப்பினார்கள்.

அங்கே எடுத்த முதல் படமான 'தி கேமராமேன்' (1928) படத்தில் பழைய முறை இன்னும் மிச்சமிருக்கிறது. ஆளில்லாத யாங்கி ஸ்டேடியத்தில், பந்தும் இல்லாமல் மட்டையும் இல்லாமல் தனியாளாக பேஸ்பால் ஆடுவார். அதைப் பார்த்த கையோடு, அதே எம்ஜிஎம்மில் அவர் நடித்த பேசும் படமான 'ஃப்ரீ அண்ட் ஈஸி' (1930) படத்தைப் பாருங்கள்; பறிபோனது என்ன என்று தெரியும்.