எடுக்காத பணத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஒரு விற்பனை நிறுவனத்தில் காசாளராக வேலை பார்க்கிறேன். ஒரு நாள் இரவு கணக்கு முடித்தபோது கல்லாவில் பணம் குறைந்தது. நான்தான் எடுத்தேன் என்கிறார் முதலாளி. ஒப்புக்கொண்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போகமாட்டாராம். நான் எடுக்கவில்லை, ஆனாலும் அவமானம் தாங்காமல் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: போடாதீர்கள். இன்று உங்கள் மீது இருப்பது வெறும் சந்தேகம். கையெழுத்திட்ட மறுகணம் அது ஒப்புதல் கடிதமாகிவிடும். போலீசுக்குப் போகமாட்டேன் என்பது வாய்வார்த்தை, உங்கள் கடிதமோ அவர் கோப்பில் இருக்கப்போகும் ஆவணம். நாளை அவர் மனம் மாறினால், மிரட்டித்தான் எழுதி வாங்கினார் என்பதை நிரூபிக்கும் பாடு உங்களுடையதாகும். தொகையைக் கட்டித் தொலைத்துவிடு என்று வீட்டில் உள்ளவர்களும் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். அதையும் குற்றத்தை ஏற்றதாகவே பின்னர் காட்டுவார்கள்.

எந்த நாள் கணக்கில், எவ்வளவு குறைந்தது, எதை வைத்து உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். நடத்தையைக் காரணம் காட்டி ஒருவரை வேலையை விட்டு நீக்குமுன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆவது உடன்படிக்கை (1982) வகுத்த பொது விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை என்றாலும், இந்தக் கொள்கை பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்களில் உண்டு.

இதைவிட அவசரமானது சாட்சியம். கண்காணிப்பு கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாக அழிந்து, அவற்றின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே அன்றைய பதிவை அழிக்காமல் வைக்கும்படி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கல்லாச் சாவி யார் யாரிடம் இருந்தது, உங்கள் கடவுச்சொல்லை வேறு யாரும் பயன்படுத்தினார்களா, ரத்தான பில்களும் திருப்பிக் கொடுத்த தொகையும் கணக்கில் ஏறினவா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கல்லாக் குறைவு பெரும்பாலும் திருட்டென்றே பேசப்பட்டாலும், ரத்தானது பதிவாகாத ஒரு பில்லே போதும் கணக்கு உதைப்பதற்கு. நிறுவனத்தின் ஆவணங்களை மட்டும் அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அதுவே புதிய குற்றச்சாட்டாகும். நடந்தவற்றை, நினைவு மங்குமுன், நேர வரிசையில் எழுதித் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு அழைத்தால் தொழிற்சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ உடன் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். புகார் போலீசுக்குப் போய்விட்டால், வழக்கறிஞரைக் கலந்து பேசாமல் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்திட வேண்டாம். முதலாளி உங்களைத் திருடர் என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தால், யாரிடம் எப்போது சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள்; அவதூறு வழக்குத் தொடர நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.