ஜாமீன் கையெழுத்தும் ஒரு வசனமும்

வணக்கம் அண்ணா,

நான் கடலூர் மஞ்சக்குப்பம். எங்கள் ஜெபக்குழுவில் பத்து வருடமாகப் பழகுகிற சகோதரர் ஒருவர் கடையைப் பெரிதாக்க வங்கியில் ஆறு லட்சம் கடன் கேட்டிருக்கிறார், என்னை ஜாமீன் போடச் சொல்கிறார். ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்தேன். 'உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே' என்ற வசனத்தில் கண் பட்டது. இதுதான் தேவசித்தமா? திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது வசனத்தைப் பற்றி. எனக்கு உறுத்துவது உங்கள் கடைசி வரி. அதற்கு வருகிறேன்.

முதலில் வசனம். மத்தேயு 5:42, மலைப்பிரசங்கத்தில் வருவது. உன் கையில் இருப்பதைக் கேட்டால் கொடு என்கிறது. ஜாமீன் அது இல்லையே, இன்னும் சம்பாதிக்காத பணத்தை, உங்கள் பிள்ளைகளின் பீஸையும் சேர்த்து, இன்னொருவர் கடைக்கு எழுதிக் கொடுப்பது. அன்றைக்கு உங்கள் விரல் நீதிமொழிகள் 22-இல் விழுந்திருந்தால்? கடனுக்குப் பிணைப்படாதே, கட்ட வழியில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையும் போய்விடும் என்று இருக்கிறது அங்கே. அதே வேதம்தான். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறப்பது சீட்டுக் குலுக்குகிற வேலை, யோசிக்கிற பாரத்தை ஆண்டவர் தலையில் இறக்கி வைப்பது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை, வங்கி நேராகவே உங்கள் வாசலுக்கு வரலாம்.

எனக்கு அனுபவம் உண்டு. பல வருடம் முன்பு இங்கே பாண்டிச்சேரியில், ஆபீஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஜாமீன் படிவத்தை வைத்து, படிக்காமலேயே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன், சங்கக் கடனுக்கு, உடன் வேலை செய்தவருக்காக. பதினாலு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மனிதர் இருதய ஆண்டவர் கோயிலில் என்னைப் பார்த்தால் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவார். பணம்கூடப் பரவாயில்லை, சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் என் மனைவிக்கே விஷயம் தெரிந்தது. ஒரு வாரம் பேசவில்லை. நியாயம்தானே.

இப்போது கடைசி வரி. நீங்கள் வேறு சபை, நான் கத்தோலிக்கன், இருந்தாலும் இயேசு சபையைத் தொடங்கிய எங்கள் புனிதர் இஞ்ஞாசியார் சொன்னதைக் கேளுங்கள். 1521-இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது எந்த நினைப்பு கடைசியில் மனதை வறளவிடுகிறது, எது நிறைவாக நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்கியவர். அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் ஓர் உவமை வருகிறது. ஒரு நல்ல வீட்டுப் பெண்ணை மயக்க வருகிறவன், தான் பேசுவது அவள் அப்பாவுக்கோ கணவனுக்கோ தெரியக் கூடாது என்றுதான் முதலில் பார்த்துக்கொள்வான், தெரிந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். தீய ஆவியும் அப்படித்தான், ரகசியம் கேட்கும் என்கிறார்.

உங்கள் சகோதரரைச் சாத்தான் என்று சொல்லவில்லை. பாவம், கூச்சமாக இருக்கலாம். ஆனால் 'வீட்டில் சொல்லாதே, திங்கட்கிழமைக்குள் முடி' என்று இரண்டும் சேர்ந்து வந்தால் நான் அந்த வசனத்தைவிட இதைத்தான் பெரிய அடையாளமாக எடுப்பேன்.

அதே நூலில் இன்னொரு யோசனை: முன்பின் தெரியாத ஒருவன் இதே சிக்கலோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வாய், அதையே நீயும் செய். மஞ்சக்குப்பத்து டீக்கடையில் யாரோ ஒருவர் இதைச் சொல்லிப் புலம்பினால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? உங்களுக்கே தெரியும்.

உதவ மனம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள், மத்தேயு சொல்வதும் அதுதான். திங்கட்கிழமை தள்ளிப்போகட்டும். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் சொல்லிவிடுங்கள், அப்புறம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.