வேனுக்குள் குடித்தனம்: சமையலுக்கு கேஸா, கரண்டா?

கேள்வி: பழைய சரக்கு வேன் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். நானும் கணவரும் குறைந்தது 3 வருடம் அதிலேயே வாழப்போகிறோம். கேஸ் அடுப்பே போதும் என்பது என் எண்ணம். பெரிய பேட்டரி, சோலார், இண்டக்‌ஷன் அடுப்பு என்று போட்டுவிட்டால் எரிபொருள் செலவே இருக்காது என்கிறார் அவர். அதற்கு எங்கள் அவசரகாலச் சேமிப்பில் பாதி போய்விடும். எது லாபம்?

பதில்: எரிபொருள் செலவே இருக்காது என்பது பாதிதான் உண்மை. வேனில் மீட்டர் கிடையாதே தவிர, கரண்ட் பில் உண்டு. பேட்டரி வாங்கும் அன்றே பல வருடப் பில்லை மொத்தமாக முன்கூட்டிக் கட்டிவிடுகிறீர்கள். அது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

அதற்கு முதலில் உங்கள் சமையலின் அளவு தெரியவேண்டும். இப்போதிருக்கும் வீட்டிலேயே ஒரு சின்ன சிலிண்டரை மட்டும் வைத்துப் பத்து நாள் சமையுங்கள். முதல் நாளும் பத்தாம் நாளும் சிலிண்டரை எடைபோடுங்கள். டீ, வெந்நீர் எல்லாம் சேர்த்து 1.5 கிலோ குறைந்திருக்கிறது என்று வையுங்கள். நாளைக்கு 150 கிராம். அப்படியானால் 5 கிலோ சிலிண்டர் ஒரு மாதம் தாண்டும்.

இதையே கரண்டில் பார்ப்போம். 1 கிலோ கேஸில் சுமார் 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. திறந்த சுடரில் அதில் பெரும்பங்கு பாத்திரத்தின் பக்கவாட்டில் வீணாகலாம். 40 சதவீதம்தான் உள்ளே போகிறது என்று வையுங்கள். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை போகும், ஆனால் இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சுமார் 10 சதவீதம் தின்னும். கூட்டிக்கழித்தால் உங்கள் 150 கிராமுக்கு ஈடு, பேட்டரியிலிருந்து தினமும் 1 யூனிட். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றின் மொத்தக் கொள்ளளவே 1.28 யூனிட்தான். ஏறக்குறைய ஒரு பேட்டரி முழுக்க அடுப்புக்கே போகிறது. ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன் எல்லாம் அதற்கு மேல். இரண்டு நாள் மூட்டம் போட்டால் தாங்க இன்னும் இரண்டு வேண்டும். 200 வாட் சோலார் தகடு, 4 மணி நேரம் முழு வெயில் கிடைத்தால் தருவது 0.8 யூனிட். அதுவும் அடுப்புக்குப் பற்றாது.

இப்போது நீங்கள் செய்யவேண்டிய கணக்கு சுலபம். ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் எப்படியும் வாங்கப்போகும் பேட்டரியை விட்டுவிடுங்கள். அடுப்புக்காக மட்டும் கூடுதலாக ஆகும் பேட்டரி, தகடு, பெரிய இன்வெர்ட்டர், தடித்த ஒயர் ஆகியவற்றின் விலையைக் கூட்டி, உங்கள் மாத கேஸ் செலவால் வகுங்கள். வரும் எண்தான் போட்ட பணம் திரும்பக் கிடைக்க ஆகும் மாதங்கள். அது 36-ஐத் தாண்டினால் உங்கள் பக்கம்தான் நியாயம். தாண்டாவிட்டாலும்கூட, அவசரகாலச் சேமிப்பில் கைவைத்து இதைச் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன். வேனில் வாழ்பவருக்கு வண்டி பழுதானால் வீடும் சேர்ந்து நின்றுபோகிறது. அந்தப் பணம் மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவை.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அது பணக்கணக்கில் உடனே தெரியாது. கேஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும்: சமையல் கேஸில் உள்ள புரொப்பேன் என்ற வாயு 1 கிலோ எரிந்தால் 1.6 கிலோ நீராவி. குளிர்ந்த இரவில் அது தகரச் சுவரில் முத்து முத்தாகப் படிந்து, பலகைக்குப் பின்னால் வழிந்து, துருவும் பூஞ்சையுமாக மாறும். ஆகவே கூரையில் ஒரு காற்றுப்போக்கி கட்டாயம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் அறை வேனுக்குள் திறக்காமல் அடைபட்டு, அடியில் வெளியே போகும் துளையோடு இருக்கவேண்டும். கேஸ் அலாரம் தரையோரமாக ஒன்று, கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக ஒன்று. இவற்றையும் கேஸ் பக்கத்துச் செலவில் சேர்த்தே ஒப்பிடுங்கள். குளிர் பிரதேசம் போவீர்களானால் புரொப்பேன் சிலிண்டர்தான் சரி; சமையல் கேஸின் இன்னொரு வாயுவான பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும்.

எத்தனாலில் எரியும் ஸ்பிரிட் அடுப்பு பக்கம் போகவேண்டாம். எத்தனாலின் வெப்பம் எடைக்கு எடை கேஸில் சுமார் 60 சதவீதம்தான், 3 வருடத்துக்கு அது கட்டாது. டீசல் அடுப்பு புகையை வெளியே தள்ளிவிடும் என்பதால் ஈரத் தொல்லை இல்லை. ஆனால் போடவேண்டிய பணம் பெரிது, சூடேறவும் நேரமாகும். கடுங்குளிரில் பல மாதம் தங்குபவருக்கே பொருந்தும்.

என் யோசனை: பிரதான அடுப்பு கேஸ். கூடவே ஒரு சின்ன இண்டக்‌ஷன் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் இணைப்பு தரும் இடங்களில் நிறுத்தும்போது அதில் சமைத்தால் சிலிண்டர் மிச்சம். பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் இரண்டிலும் செலவு இறங்கும். எதைப் பொருத்தினாலும், பொருத்தும் முன்பே வாகனக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்தால், 3 வருடத்தில் மிச்சம்பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.