மேசை விளிம்பு உரிகிறதா? நாடா வேண்டாம், மரச்சட்டம் ஒட்டுங்கள்

வணக்கம். நீங்களே செய்த ஸ்டூடியோ மேசையில், பிளைவுட்டின் வெட்டுமுகத்தை மறைக்க இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய விளிம்பு நாடா முன்பக்கம் மட்டும் உரிவதாக எழுதியிருந்தீர்கள். கீபோர்டு வாசிக்கும்போது முன்கை உரசும் இடம் அதுதான். பினாங்கின் ஈரக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் அந்தப் பசை தாங்காது. மறுபடி சூடுகாட்டி ஒட்டுவது வீண் வேலை.

முன்பக்க நாடாவை உரித்து, பழைய பசையை முழுவதும் சுரண்டுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 20 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய மெராந்தி மரச் சட்டத்தை வெள்ளை மரப்பசையால் ஒட்டுங்கள். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையென்றால் மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினாலே போதும். மறுநாள், துருத்தி நிற்பதை இழைத்து, மேல்முனையைத் தாராளமாக உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் மணிக்கட்டை உறுத்திக்கொண்டே இருக்கும். பிறகு 120, 180, 240 எண் உப்புத்தாள்; அதன்மேல் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு. கேபிள் துளைகளின் உட்புறத்தையும் மறவாமல் பூசுங்கள், வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் எளிதில் புகும்.