தூரிகைக் கேள்வி பதில்: கறுத்த வானம், வெளிச்சமான மலை

இந்த இதழில் வானத்தை வரைவது பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகப் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: சேர், நான் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். மே மாதம் பிறந்தால் எங்கள் தோட்டத்துக்கு வானமே கிடையாது, மப்பும் மழையும்தான். கடற்கரைப் பிள்ளைகள் வரைகிற மாதிரி பெரிய வானத்துக்கு நாங்கள் எங்கே போவது?
மாணவி, ஹட்டன்

பதில்: எங்கேயும் போக வேண்டாம், மகள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து முட்டுவது உங்கள் பக்கத்து மலைகளில்தான். முட்டிய காற்று மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்ததும் முகிலாகும். கீழ்நாட்டில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கிற முகிலுக்குள் நடந்து நீங்கள் பள்ளிக்கூடம் போய் வருகிறீர்கள்.

விடாமல் ஊற்றுகிற நேரத்தில் வரைய அதிகம் இல்லை, உண்மைதான். மழை பிடிக்கப் போகிற நேரத்தையும் விட்ட நேரத்தையும் பாருங்கள். பின்னேரத்தில் மேற்கே முகிலுக்கு அடியில் ஒரு கீற்று திறந்து வெயில் சரிவாக வரும். கிழக்கு வானம் கறுத்துக் கிடக்க, அதற்கு முன்னால் தேயிலை மலை பளிச்சென்று எரியும். மற்ற நேரங்களில் வானம் வெளிச்சம், மண் இருட்டு. அந்தச் சில நிமிடங்களுக்கு அது தலைகீழாகிவிடுகிறது. வானம் மிரட்டுகிறது என்று நமக்குத் தோன்றுவதில் பாதி இதனால்தான். ஆகவே வானத்தை மட்டும் கறுப்பாக்கினால் போதாது. வெயில் பட்ட மலையில் ஏறக்குறையத் தாளின் வெள்ளையே தெரியும்படி, மெல்லிய மஞ்சள் கலந்த பச்சையை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கறுப்புக் கலரைத் தொடாதீர்கள். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் உயிருள்ள சாம்பல் வரும். நீலம் கூடினால் மழை முகில், சியன்னா கூடினால் வெயில் தொட்ட முகில். நம் ஊர் ஈரத்தில் தாள் காய நேரம் எடுக்கும். அது முகிலுக்கு நல்லது, ஒரு நிறம் இன்னொன்றுக்குள் தானாகக் கசிந்து ஓரம் மறையும். மலையின் விளிம்பை மட்டும் தாள் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

அப்புறம், ஜூலையில் முடிந்தால் பதுளை ரயிலில் வாருங்கள். பட்டிப்பொலயில் மழையும் குளிரும் இருக்கும். ரயில் பாதையின் உச்சியைத் தாண்டி ஒஹிய பக்கம் இறங்கினால் பல நாட்களில் நீல வானம். ஈரத்தை அந்தப் பக்கம் கொட்டிவிட்ட காற்று இறங்கும்போது சூடாகிறது, முகில் கரைந்துபோகிறது. ஹப்புத்தளையில் என் வீட்டு முற்றத்தில் நின்றால் மலைமுகட்டின் மேல் முகில் மதில் போல நிற்பதும், அதன் விளிம்பு வழிந்து வழிந்து காணாமல் போவதும் தெரியும். எத்தனை ஆண்டு வரைந்தும் எனக்கு அது தீரவில்லை.

கேள்வி: போனில் எடுத்த வானத்தைப் பார்த்து வரைவது தவறா?
வாசகர், பண்டாரவளை

பதில்: முகிலின் வடிவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்துக்கு நம்ப வேண்டாம். போன் வெளிச்சத்தை வானத்துக்கு அளந்தால் மலை கறுத்துவிடும், மலைக்கு அளந்தால் வானம் வெளுத்துவிடும். புதிய போன்கள் இரண்டையும் சேர்த்துச் சமப்படுத்திவிடுகின்றன. ஹட்டன் பிள்ளைக்கு நான் சொன்ன அந்த வேறுபாடு அங்கேயே மங்கிப்போகிறது.

இங்கிலாந்து ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கு அருகே ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று, வானத்தை மட்டுமே சின்னச் சின்னத் தாள்களில் எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். காற்றாலையும் வைத்திருந்த தானிய ஆலைக்காரரின் மகன், காற்றைக் கவனிக்காமல் அந்தத் தொழில் நடக்காது. நீங்களும் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, சூரியன் எந்தப் பக்கம், அடிப்பது மேல்காற்றான கச்சானா, வடக்கிலிருந்து வரும் வாடையா. அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் அந்தக் குறிப்பு போன் படத்தைவிட அதிகம் சொல்லும்.

கேள்வி: செவ்வானம் வரைந்தால் எனக்குக் காலண்டர் படம் மாதிரியே வருகிறது. ஏன்?
வாசகி, பதுளை

பதில்: நம் நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குகிறது, அரை மணிக்குள் இருட்டிவிடும். நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முதலில் வந்த மஞ்சளையும் பிறகு வந்த கருஞ்சிவப்பையும் ஒரே தாளில் சேர்த்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் க்ரகடோவா எரிமலை வெடித்து, அது கக்கிய கந்தக வாயுவால் உண்டான நுண்துளிகள் வானத்தின் உயரத்தில் பரவின. அந்த ஆண்டுக் கடைசியில் லண்டன் வானமும் சிவந்தது. வில்லியம் அஸ்க்ரொஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் கரையில் நின்று, ஒரே அந்தியில் அடுத்தடுத்துச் சிறு பேஸ்டல் படங்களாக வரைந்து தள்ளினார். மொத்தம் 500க்கும் மேல். நீங்களும் தாளை நாலாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிமிடத்து வானத்தை மட்டும் வையுங்கள். சிவப்பு விரலளவு இருந்தால் சாம்பல் உள்ளங்கையளவு இருக்கட்டும், அப்போதுதான் சிவப்பு பேசும்.

கேள்வி: சிவனொளிபாதமலையில் விடியும்போது விழும் நிழல் சரியான முக்கோணமாக இருக்கிறதே, மலையின் வடிவம்தான் காரணமா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: இல்லை. 2,243 மீற்றர் உச்சியிலிருந்து பார்க்கும்போது நிழல் மேற்கே வெகுதூரம் ஓடுகிறது. தூரம் போகப்போக எதுவும் ஒடுங்கித் தெரியும், ஆகவே உச்சி எந்த வடிவில் இருந்தாலும் நிழல் கூராகவே தெரியும். அந்த நிழல் விழுவது புகாரிலும் பனியிலும். அதனால் ஓரத்தைக் கோடு போட்டு இறுக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பதினொரு வயது. மழை இருட்டினால் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், கிடைத்த கொப்பியில் எல்லாம் கீறுகிறான். கொழுந்து எடுக்கிற காசில் கலர் வாங்க முடியவில்லை. என்ன செய்ய?
ஒரு தாய், தலவாக்கலை

பதில்: தங்கச்சி, முகில் வரைய இப்போதைக்குக் கலர் தேவையில்லை. கடையில் சாமான் சுற்றித் தருகிற பழுப்புத் தாளை விரித்துக் கொடுங்கள். நன்றாக எரிந்து மென்மையாக இருக்கிற அடுப்புக்கரி, பள்ளிக்கூடத்து வெண்கட்டித் துண்டு, இந்த இரண்டும் போதும். தாளின் பழுப்பு நடு நிறமாக நிற்கும். கரியைத் தேய்த்து விரலால் இழுத்தால் மழை முகில், வெயில் பிடிக்கிற விளிம்புக்கு மட்டும் வெண்கட்டி. வெள்ளைத் தாள் கிடைக்கிற நாளில் கடுந்தேயிலைச் சாயத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வரையலாம். அந்த நிறம் நாளாக வெளுக்கும், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை அதிகம். வானம் மிக அழகாக இருப்பதும் அப்போதுதான். முதல் இடி கேட்டதும் தாளை எடுத்துக்கொண்டு லயத்துக்குள் வந்துவிட வேண்டும், மரத்தடியில் நிற்கவே கூடாது. வரைந்ததில் இரண்டை எனக்கு அனுப்புங்கள். திருத்தம் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.