தம்பியை இழந்த நண்பனிடம் என்ன பேசுவது?

கேள்வி: நண்பனின் தம்பி தற்கொலை செய்துகொண்டு இரண்டு மாதம் ஆகிறது. "அன்னைக்கு அவன் போனை எடுத்திருந்தா..." என்றே புலம்புகிறான். சில நாளாக, "எனக்கும் போதும்னு இருக்கு" என்கிறான். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில், "எனக்கும் போதும்னு இருக்கு" என்ற அந்தப் பேச்சு. இன்றே அவரிடம், "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால்தான் சிக்கல். 'இல்லை' என்று சொல்ல நீங்களே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும்.

'ஆமாம்' என்றால் பதறாமல், ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துங்கள். அப்படிச் செய்தால், தற்கொலை உந்துதல் உச்சத்துக்குப் போய்த் தணிகிற வரை அவகாசம் கிடைக்கும். வீட்டாரிடம் சொல்லி, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூடவே போங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெறும் எண்ணம்தான் என்றாலும் ஓரிரு நாளில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், எடுக்காத அந்த போன். "உன் மேல தப்பில்லை" என்பது உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். அதே கதையைப் பத்து முறை சொல்வார், சொல்லட்டும். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய தன்னை அவர் அளக்கிறார் என்பதைப் பிறகு மெதுவாக எடுத்துச் சொல்லலாம். தம்பியின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். ஊரே அந்தப் பெயரைத் தவிர்ப்பதும் ஒரு வலிதான்.

இதே இழப்பைக் கண்டவர்களுக்கென்று ஆதரவுக் குழுக்கள் உண்டு. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் விசாரித்தால் வழி சொல்வார்கள்; அங்கே நீங்களும் பேசலாம்.

இன்னொன்று. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளிவந்து தொடர் சிகிச்சையை மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 5 ஆண்டுகள் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலம் விசாரிப்பு மட்டும்தான், அறிவுரை கிடையாது. கடிதம் வராதவர்களைவிட இவர்களிடையே முதல் 2 ஆண்டுகளில் தற்கொலை குறைவு என்று 2001-ல் எழுதினார். சிகிச்சைக்கு அது மாற்று இல்லை. ஆனாலும், "உன் நினைப்பு வந்துச்சு, பதில் போடலைன்னாலும் பரவாயில்லை" என்று வாரம் ஒரு வாட்ஸ்அப் உங்களால் முடியும்தானே?